“ஆர்வமில்லை” என்று எழுதுவதற்கு முன்

நிறுவனங்கள் என்னிடம் ஊழியர்களை அனுப்பும்போது கூடவே ஒரு குறிப்பும் வரும். அந்தக் குறிப்புகளில் நான் அதிகம் படித்த சொல் “ஆர்வமில்லை”. பணியிட உளவியல் ஆலோசகராக இத்தனை ஆண்டுகள் கழிந்த பிறகும் அதைப் பார்த்தால் மனம் கனத்துவிடுகிறது. அந்த மனிதரிடம் இதுவரை யாரும் உட்கார்ந்து பேசவில்லை என்பதே பெரும்பாலும் அதற்குப் பொருள்.

தரப் பரிசோதனைப் பிரிவிலிருந்து வந்த ஒருவரை அடிக்கடி நினைத்துக்கொள்வேன் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே பழுதைச் சொல்லிவிடுவார் என்று பெயரெடுத்தவர். இப்போது நேரத்துக்கு வருகிறார், நேரத்துக்குப் போகிறார், கூட்டங்களில் வாய் திறப்பதில்லை. ஊக்கப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பிப் பார்த்தார்கள், பயனில்லை. மூன்றாவது சந்திப்பில்தான் விஷயம் வெளியே வந்தது. ஒரே குறைபாட்டைப் பற்றி நான்கு முறை அறிக்கை கொடுத்திருக்கிறார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. “எழுதினாலும் ஒன்றுதான், எழுதாவிட்டாலும் ஒன்றுதான் சார்” என்றார்.

உளவியலாளர் விக்டர் வ்ரூம் 1964-இல் முன்வைத்த எதிர்பார்ப்புக் கோட்பாட்டை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. வேலையில் இறங்கும் முன் மனம் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்கிறது. முயன்றால் என்னால் முடியுமா? முடித்தால் அதனால் ஏதாவது நடக்குமா? நடக்கப்போவது எனக்கு வேண்டியதுதானா? வ்ரூம் இந்த மூன்றையும் கூட்டவில்லை, பெருக்கினார். எந்த ஒன்று பூஜ்யமானாலும் மொத்தமும் பூஜ்யம். இவருக்குத் திறமை இருந்தது, வேலையின் மேல் அக்கறையும் இருந்தது. நடுவில் இருந்த கேள்விக்குத்தான் நான்கு முறையும் “இல்லை” என்ற பதில் கிடைத்தது. பயிற்சி வகுப்பு அதைத் தொடவே இல்லை.

அதே பிரிவில் நிர்வாகம் இன்னொன்றும் செய்திருந்தது. அதிகக் குறைபாடுகளைப் பதிவு செய்பவருக்கு மாதாமாதம் பரிசு. இரண்டே மாதங்களில் ஒரு குறைபாட்டை மூன்றாகப் பிரித்து எழுதும் பழக்கம் வந்துவிட்டது. ஆழமான பழுதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் செலவிடுபவர் பட்டியலில் கடைசிக்குப் போனார். நாம் விரும்புவது ஒன்று, பரிசு கொடுப்பது வேறொன்றுக்கு என்ற இந்தத் தவறை ஸ்டீவன் கெர் 1975-லேயே விரிவாக எழுதிவிட்டார். ஊழியர்கள் அப்படி நடந்துகொண்டதற்கு அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எதற்கு மதிப்பு என்று நிர்வாகம் காட்டியதோ அதைச் செய்தார்கள்.

பரிசுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்களைத் தீர்க்கப் பணம் பெற்ற மாணவர்கள், பணம் நின்ற பிறகு ஓய்வு நேரத்தில் அந்தப் புதிர்களோடு செலவிட்ட நேரம் குறைந்தது. மனமார்ந்த பாராட்டு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. ஆகவே சம்பளம் முக்கியமல்ல என்று யாராவது முடிவு கட்டினால் அது பெரிய அநியாயம். ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் குழுவினர் சுமார் இருநூறு பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு 1959-இல் சொன்னது இதுதான்: சம்பளம், பணிச்சூழல், மேற்பார்வை ஆகியவை சரியில்லாவிட்டால் அதிருப்தி பெருகும். அவை சரியானால் அதிருப்தி நீங்கும், ஆனால் அதனாலேயே உற்சாகம் பிறந்துவிடாது. அதற்குச் சாதித்த நிறைவு, அங்கீகாரம், பொறுப்பு ஆகியவை வேண்டும். நல்லதைத் தம் கணக்கிலும் கெட்டதைச் சூழலின் கணக்கிலும் எழுதுவது மனித இயல்பு என்பதால் இந்தப் பேட்டி முறையை விமர்சித்தவர்கள் உண்டு. அந்த விமர்சனம் நியாயமானது. ஆனாலும் போதாத சம்பளத்தைப் பாராட்டு விழாவால் ஈடுகட்ட முயலும் நிர்வாகங்களிடம் பேசும்போது எனக்கு ஹெர்ஸ்பெர்க் தேவைப்படுகிறார்.

மனிதத் தேவைகளை உணவு, பாதுகாப்பு என்று கீழிருந்து மேலாக அடுக்கிக் காட்டும், உளவியலாளர் மாஸ்லோவின் பிரமிடைப் பலரும் படித்திருப்பார்கள். 1943-இல் அவர் எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது. தேவைகளின் வரிசை அவ்வளவு இறுக்கமானதல்ல என்றும் அவரே எழுதியிருக்கிறார். அதைப் படிக்கட்டாக எண்ணி, “இவர் இன்னும் இரண்டாம் படியில்தான் இருக்கிறார்” என்று ஊழியர்களைத் தரம் பிரிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

நான் அதிகம் பார்க்கும் காயம் ஒப்பீட்டில் வருவது. நான் கொடுப்பதற்கும் பெறுவதற்கும் உள்ள விகிதத்தை மனம் பக்கத்து இருக்கைக்காரரின் விகிதத்தோடு வைத்துப் பார்க்கிறது என்று 1960-களில் ஸ்டேசி ஆடம்ஸ் விளக்கினார். பெறுவதைக் கூட்ட முடியாதவர் கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சோம்பலாகத் தெரிகிறது. பதவி உயர்வு எந்த அடிப்படையில் கொடுக்கப்பட்டது என்று விளக்காத இடங்களில் இதைத் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

மேலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். கோட்பாடுகளுக்குப் போகும் முன் உடலையும் மனதையும் கவனியுங்கள். வேலையில் மட்டுமல்லாமல், முன்பு பிடித்த எதிலுமே நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, இரண்டு வாரங்களுக்கு மேல் இப்படியே இருக்கிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பணிச்சோர்வு வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அதை நோய் என்று வகைப்படுத்தவில்லை, சரிவரக் கையாளப்படாத நாட்பட்ட பணி அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, செயல்திறன் குறைவது ஆகியவை அதன் மூன்று அடையாளங்கள். அங்கே ஊழியரோடு சேர்த்து வேலையின் அமைப்பையும் சரிசெய்தாக வேண்டும்.

அந்தத் தரப் பரிசோதகரின் மேலாளரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: நான்கு அறிக்கைகளையும் அவர் முன்னால் உட்கார்ந்து படியுங்கள். படித்தார். அந்தப் பாகத்தின் வடிவமைப்பை இந்த ஆண்டு மாற்ற முடியாது என்று காரணத்தோடு சொன்னார். சோதனை இடைவெளியைப் பாதியாகக் குறைக்க மட்டும் ஒப்புக்கொண்டார். கேட்டதில் பெரும்பகுதிக்குக் கிடைத்தது மறுப்புத்தான். இரண்டு வாரங்கள் கழித்து ஐந்தாவது அறிக்கை வந்தது. அது வேறொரு இயந்திரத்தைப் பற்றியது.