எலும்புச் சில்லு வயது சொல்லும், ஓரளவுக்கு

கீழடி மக்களின் இடுகாடாகக் கருதப்படும் கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளுக்கு 2025-இல் கணினி வழியே முகம் கொடுத்தார்கள். எல்லாத் தாழிகளும் அப்படி வாய்ப்பதில்லை. பலவற்றில் மிஞ்சுவது சிதைந்த எலும்புகளே. வயதைக் கணிக்க வழக்கமாகப் பார்க்கும் இடுப்பெலும்பும் பல்லும் இல்லாதபோது, தொடை எலும்பின் ஒரு துண்டை வைத்து என்ன செய்யலாம்?

அதை மெல்லிய சீவலாக அறுத்து, ஒளி ஊடுருவும் வரை தேய்த்து, நுண்ணோக்கியில் வைக்கலாம்.

உயிருள்ள எலும்பு ஓயாமல் தன்னையே தோண்டி நிரப்பிக்கொள்கிறது. எலும்பைக் கரைக்கும் செல்கள் முன்னே சுரங்கம் குடைந்து போகின்றன. எலும்பைக் கட்டும் செல்கள் பின்னே வந்து, சுரங்கச் சுவரிலிருந்து உள்நோக்கி அடுக்கடுக்காகப் பூசுகின்றன. நடுவில் இரத்தக் குழாய்க்கு மட்டும் வழி விடுகின்றன. ஓரிடத்தில் வேலை முடியச் சில மாதங்கள் ஆகும். குறுக்கே வெட்டிப் பார்த்தால், அது கால் மில்லிமீட்டர் அளவுள்ள வட்ட அடுக்காகத் தெரியும். இதன் பெயர் ஆஸ்டியான். நடுவிலுள்ள துளைக்கு, 1691-இல் அதைப் பற்றி எழுதிய கிளாப்டன் ஹாவர்ஸின் பெயரால் ஹாவர்சியன் கால்வாய் என்று பெயர்.

மதுரைத் தெருக்களில் குடிநீருக்கு ஒரு முறை, சாக்கடைக்கு ஒரு முறை என்று தோண்டி ஒட்டுப்போடுவார்களே, அதே கதைதான். புதிய ஒட்டு பழைய ஒட்டின் பாதியைத் தின்றுவிடும். வயது ஏற ஏற முழு ஆஸ்டியான்களும் அவற்றின் துணுக்குகளும் பெருகுகின்றன. வளரும் பருவத்தில் எலும்பைச் சுற்றிப் படிந்த பழைய அடுக்கு குறைந்துகொண்டே போகிறது. 1965-இல் எல்லிஸ் கெர்லி தொடை எலும்பிலும் முழங்காலுக்குக் கீழுள்ள இரண்டு எலும்புகளிலும் இவற்றை எண்ணி, வயது கணிக்கும் சூத்திரங்களை வெளியிட்டார். பின்னர் விலா எலும்புக்கும் அப்படிச் சூத்திரங்கள் வந்தன.

சிக்கல் முதுமையில்தான். தெரு முழுக்க ஒட்டாகிவிட்டால் அடுத்த ஒட்டு எண்ணிக்கையைக் கூட்டாது, ஏற்கெனவே இருப்பதை அழிக்கும், அவ்வளவுதான். அதனால் அறுபதைத் தாண்டியவர்களை இந்த முறை பெரும்பாலும் இளையவர்களாகவே காட்டும். உணவு, நோய், உடலுழைப்பு ஆகியவையும் தோண்டும் வேகத்தை மாற்றும். சூத்திரம் எந்த மக்களின் எலும்புகளிலிருந்து பிறந்தது என்பதும் முக்கியம். ஆகவே, ‘இவருக்கு 47 வயது’ என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்பமாட்டேன். ‘நாற்பதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையில்’ என்றால் காது கொடுப்பேன்.

தாழி எலும்புக்கு இன்னொரு சோதனையும் உண்டு. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் எலும்பைக் குடையும். வெளித் தோற்றம் கெடாத எலும்புக்குள்கூட ஆஸ்டியான்களின் எல்லை அழிந்திருக்கலாம். மேலும், அறுத்ததை ஒட்டவைக்க முடியாது. மரபணு ஆய்வும் அதே துண்டைக் கேட்கும் என்பதால், முதலில் படமும் அளவும் எடுத்து வைத்துவிட்டே ரம்பத்தைத் தொடவேண்டும்.