செல்வாக்கு: செல்லும் வாக்கும் உள்ளே பாய்வதும்

இன்ஃபுளுயன்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் முதலில் வந்து நிற்பது ‘செல்வாக்கு’. அரசியல் செய்திக்கு அது போதும். சமூக உளவியல் பாடத்தில் அதையே போட்டால் பொருள் புரண்டுவிடுகிறது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். உள்ளே பாய்தல் என்று பொருள். விண்மீன்களிலிருந்து ஏதோ ஒன்று இறங்கி மனிதருக்குள் பாய்ந்து அவர் போக்கை மாற்றுகிறது என்பது இடைக்கால ஐரோப்பியச் சோதிடம். அந்தப் பாய்ச்சலின் பெயர்தான் பிறகு மனிதருக்கு மனிதர் நடப்பதற்கும் வந்தது. இன்ஃபுளுயன்சா காய்ச்சலுக்கும் இதே வேர்தான், இத்தாலிய மொழி வழியாக.

செல்வாக்கின் பிறப்பு வேறு. இந்த நோட்டு செல்லும், செல்லாது என்கிறோமே, அந்தச் ‘செல்’லோடு வடமொழி ‘வாக்கு’ சேர்ந்தது. ‘ஏழை சொல் அம்பலம் ஏறாது’ என்பதைத் திருப்பிப் போட்டால் இதற்கு விளக்கம் கிடைத்துவிடும்: அம்பலம் ஏறும் சொல். ஆக, லத்தீன் வேர் நடப்பதைக் காட்டுகிறது, தமிழ்ச் சொல் கையிருப்பைக் காட்டுகிறது. ‘அவருக்குச் செல்வாக்கு இருக்கிறது’ என்போம். ‘செல்வாக்கு நடந்தது’ என்று யாரும் சொல்வதில்லை.

அந்தக் கையிருப்புக்கு உளவியலில் ‘பவர்’ என்று தனிப்பெயர் உண்டு. 1959இல் ஜான் ஃபிரெஞ்சும் பெர்ட்ராம் ரேவனும் அது ஐந்து இடங்களிலிருந்து வருவதாகப் பிரித்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் யாருக்கு என்று முடிவுசெய்யும் சூப்பர்வைசரிடம் இருப்பது கொடுக்கும் பலம். வேலையை விட்டு நிறுத்த முடிந்தால் தண்டிக்கும் பலம். கொங்கு வேளாளர் கல்யாணத்தில் சடங்கை நடத்தும் பெரியவரான அருமைக்காரர் சொன்னபடி மாப்பிள்ளை எழுந்து உட்காருவது முறை தந்த பலம். அதே பெரியவர் நிலம் விற்பதைப் பற்றிச் சொன்னால் அந்தப் பலம் அங்கே எடுபடாது. ‘இந்தத் துணி சுருங்குமுங்க’ என்று கட்டிங் மாஸ்டர் சொன்னதும் முதலாளியே தயங்குவது அறிவின் பலம். ஒருவரைப் பார்த்து அவர்போல ஆக வேண்டும் என்ற மதிப்பில் வருவது ஐந்தாவது. தகவலின் பலத்தை ரேவன் 1965இல் ஆறாவதாகச் சேர்த்தார்.

முதல் இரண்டுக்கும் ஒரு கோளாறு உண்டு: கண்காணிப்பு வேண்டும். சூப்பர்வைசர் டீக்கடைக்குப் போனால் வேகம் குறையும். கட்டிங் மாஸ்டர் ஊரில் இல்லாவிட்டாலும் துணியை நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவார்கள்.

செல்வாக்கே இல்லாத இடத்திலும் மனம் மாறும் என்பதுதான் மொழிபெயர்ப்பாளரை மாட்டிவிடும் இடம். 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனையில், எந்தக் கோடு கொடுத்த கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று சொல்ல வேண்டும். 18 சுற்றில் 12இல் மற்றவர்கள் பேசி வைத்துக்கொண்டு தவறான கோட்டைக் காட்டினார்கள். அந்தச் சுற்றுகளில் சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூட்டத்தோடு போனது. கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலும் அது வெகுவாகக் குறைந்தது. சுற்றி இருந்தவர்களும் கல்லூரி மாணவர்களே. பதவியோ பணமோ அங்கே யாரிடமும் இல்லை.

ஊர்த் திருவிழாவை அறிவிக்கும் நோம்பி சாட்டும் கூட்டத்தில், குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பேசும்போது இதைப் பார்க்கலாம். ‘அத்தனை பேரும் சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்’ என்பது ஒரு வகை. ‘நாம மட்டும் ஏனுங்க மாத்திப் பேசோணும்’ என்பது இன்னொரு வகை. 1955இல் உளவியலாளர்கள் டாய்ச்சும் ஜெரார்டும் பிரித்த தகவல்வழி, நெறிவழித் தாக்கங்கள் இவைதாம். முன்னவர் வீட்டுக்குப் போயும் அதையே சொல்வார். பின்னவர் திண்ணையில் வேறு சொல்வார்.

எனவே பவர் என்று வந்தால் ‘செல்வாக்கு’ என்றே எழுதலாம். ‘அதிகாரம்’ முறை தந்த பலத்துக்கு மட்டும் பொருந்தும். சோஷியல் இன்ஃபுளுயன்ஸுக்கு ‘சமூகத் தாக்கம்’ சரி. தாக்குதல் என்ற பொருளின் வாடை அதில் கொஞ்சம் உண்டுதான். ‘பாதிப்பு’ அதைவிட மோசம், கெடுதல் என்றே காதில் விழும். ‘சமூகச் செல்வாக்கால் அவர் தவறான கோட்டைக் காட்டினார்’ என்று எழுதினால், ஊர்ப் பெரிய மனிதர் என்ற திமிரில் காட்டியதாகத்தான் படிப்பவர் நினைப்பார்.