ஏலகிரி இறக்கமும் ஒரு ஜோடி பிரேக் பேடும்

அக்கா பையன் காட்பாடியிலிருந்து போன் செய்தான். ஆறு மாதத்துக்கு முன்பு தன் சின்ன டர்போ காரை ரீமேப் செய்து, அதாவது இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி, பவரை ஏற்றியிருந்தான். “மாமா, பவர் ஏத்தியாச்சு. இனி பிரேக்கையும் ஏத்தணும். நாலு பிஸ்டன் காலிப்பர், துளை போட்ட பெரிய டிஸ்க், எல்லாம் செட்டாவே வருது. வாங்கட்டுமா?” என்றான். “இப்ப இருக்கற பிரேக்ல என்னடா குறை?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பிரேக்குக்குக் காசு செலவழிக்கக் கூடாது என்பது என் எண்ணம். எங்களுக்கு அந்தப் பதில் ஏலகிரியில் கிடைத்தது.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. வெயில் 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. நான், அக்கா, அவன், அவன் தங்கை என்று நான்கு பேர். மலை மேல் பகலைக் கழித்துவிட்டு மாலையில் இறங்கினோம். தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் சூட்டிய 14 கொண்டை ஊசி வளைவுகள். கார் நான்காவது கியரில், அவன் கால் பிரேக் மேலேயே. பின் சீட்டில் அக்காவோடு பேசிக்கொண்டு வந்ததில் நான் அதைக் கவனிக்கவில்லை. பொன்னேரிப் பக்கம் அடிவாரத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது முன் சக்கரத்திலிருந்து கருகல் வாடை. அதுவரை பிரேக் ஒழுங்காகத்தான் பிடித்தது. பத்து நிமிடம் கழித்து வண்டியை எடுக்கப் போய்ப் பெடலை மிதித்தான். பெடல் எதிர்ப்பே இல்லாமல் தரை வரை போய்விட்டது. கார் நின்ற இடத்தில், ஹேண்ட்பிரேக் போட்டபடி இருந்தது நல்லதாகப் போயிற்று. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். பெடல் தானாகவே பழைய உயரத்துக்கு வந்தது.

இறங்கும்போது பிடித்த பிரேக், நிறுத்திய பிறகு ஏன் போனது? அப்புறம் எப்படித் தானாகச் சரியானது? இதற்கு விடை தெரிந்தால் எதை வாங்குவது என்பதும் தெரிந்துவிடும்.

பெடலை மிதித்தால் காலிப்பர் என்ற கவ்விக்குள் இருக்கும் பிஸ்டன், பேடு என்ற உராய்வுக் கட்டைகளைச் சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மேல் அழுத்தும். பிரேக்கின் வேலை, இப்படி வண்டியின் ஓட்டத்தைச் சூடாக மாற்றுவது. ஆட்களோடு 1400 கிலோ எடையுள்ள கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதனிடம் சுமார் 540 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. 30 டிகிரியில் உள்ள தண்ணீர் 1.8 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். காரை நிறுத்தினால் அவ்வளவும் பெரும்பாலும் டிஸ்க்குகளில்தான் இறங்குகிறது. அதில் 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகிறது என்று கொள்வோம். 6 கிலோ எடையுள்ள முன் டிஸ்க் ஒவ்வொன்றும் ஒரே நிறுத்தத்தில் ஏறத்தாழ 63 டிகிரி சூடேறும். ஒருமுறைக்கு இது ஒன்றுமே இல்லை. ஆறவிடாமல் பத்து முறை செய்தால் 600 டிகிரியை நெருங்கும்.

மலை இறக்கம் இதைவிடக் கொடுமை. 600 மீட்டர் இறங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கார் இழக்கும் நிலை ஆற்றல் 8.2 மெகாஜூல், அதாவது 100-லிருந்து பதினைந்து முறை நிறுத்தியதற்குச் சமம். இரண்டு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். இருபது நிமிடத்தில் இறங்கினால் மூன்றரை இண்டக்‌ஷன் அடுப்பை முழுச் சூட்டில் இருபது நிமிடமும் எரியவிட்ட மாதிரி. டயர் உருளும் உராய்வும் காற்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது கியரில் இறங்கினால் இன்ஜின் பெரும் பங்கை வாங்கிக்கொள்ளும். நான்காவது கியரில் கால் வைத்துக்கொண்டே வந்தால் ஏறக்குறைய மொத்தமும் பிரேக் தலையில்தான். ரேஸ் டிராக்கில் 150 வேகத்தில் அடிக்கிற காற்றாவது டிஸ்க்கை ஆற்றும். மலையில் 30-ல் ஊரும்போது அந்தக் காற்றும் கிடையாது.

இனி டீக்கடைக்கு வருவோம். ஓடும்வரை சக்கரத்துக்குள் கொஞ்சமாவது காற்று புகுந்து டிஸ்க் ஆறிக்கொண்டிருக்கும். நின்றவுடன் அது நிற்கிறது. டிஸ்க்கில் தேங்கிய சூடு பேடுக்கும், பேடிலிருந்து பிஸ்டனுக்கும், பிஸ்டனுக்குப் பின்னால் இருக்கிற பிரேக் ஆயிலுக்கும் மெதுவாக ஏறும். நாம் ஆயில் என்று சொன்னாலும் அது எண்ணெய் இல்லை. கிளைகால் ஈதர் வகைத் திரவம். அதற்கு ஒரு குணம் உண்டு. கடையில் திறந்து வைத்த அப்பளம் மாதிரி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ரப்பர் ஹோஸ் வழியாகவும் ஆயில் தொட்டி மூடியின் காற்றுத் துளை வழியாகவும் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். தண்ணீர் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும். டாட் என்பது பிரேக் ஆயிலின் தர வகை. டாட் 3 வகைக்குப் புதிதில் குறைந்தது 205 டிகிரி, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் 140. டாட் 4 என்றால் 230, 155. டாட் 5.1 என்றால் 260, 180. டாட் 5 மட்டும் சிலிக்கோன், மற்றதோடு சேரவே சேராது. பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று மாற்றி ஊற்றிவிடாதீர்கள்.

திரவத்தை அமுக்க முடியாது. அதனால்தான் பெடலில் வைத்த அழுத்தம் அப்படியே காலிப்பருக்குப் போகிறது. அந்தத் திரவம் கொதித்து ஆவிக் குமிழ் உண்டானால், ஆவி அமுங்கும். நீங்கள் மிதிக்கிற மிதி குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும், பேடு வரை போய்ச் சேராது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும், பெடலும் எழுந்து நிற்கும். இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. மறுநாள் வண்டியை ஷெட்டில் விட்டால், “பிரேக் நல்லாத்தானே இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். பொய் சொல்லவில்லை, அன்றைக்கு அது நன்றாகத்தான் இருக்கும்.

சத்துவாச்சாரியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் முதலில் ரிசர்வாயர் என்ற ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து ஒரு வெள்ளைத் துணியை நனைத்துக் காட்டினார். காபி டிகாக்‌ஷன் நிறம். “எப்ப மாத்துனீங்க தம்பி?” வண்டி வாங்கி ஐந்து வருடம், மாற்றியதே இல்லை. பிறகு பேடைக் கழற்றி உள்ளங்கையில் வைத்தார். சொரசொரப்பாக இருக்க வேண்டிய முகம் மொசைக் தரை மாதிரி பளபளத்தது. நகத்தால் கீறினால் வழுக்கியது. ஓரத்தில் ஒரு மயிரிழை வெடிப்பு.

பேடு என்பது பலவகைப் பொடிகளைப் பீனாலிக் பிசினில் குழைத்து, அழுத்தி, வேகவைத்த கலவை. அதில் நம் பக்கத்துப் பொருள் ஒன்றும் இருக்கிறது: முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து வடிக்கிற எண்ணெயைக் கெட்டியாக்கிப் பொடித்த தூள். உராய்வைச் சீராக வைத்திருக்க அதைச் சேர்க்கிறார்கள். தென்னாற்காட்டில் பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கிறவர்கள் கையைப் புண்ணாக்குகிற அதே ஓட்டுப் பால்தான். அளவுக்கு மேல் சூடேறினால் பிசின் சிதைந்து வாயு கிளம்பும், முகம் கண்ணாடியாகும், உராய்வு விழும். அப்போது பெடல் கல்லு மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிற்காது.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். பெடல் கெட்டியாக இருந்து வண்டி நிற்கவில்லை என்றால் சூட்டில் பேடின் உராய்வு விழுந்திருக்கிறது. பெடலே இறங்கிப் போகிறது என்றால் ஆயில் கொதித்திருக்கிறது, அல்லது எங்கோ கசிவு. ஓட்டுகிறவர் காலே இதைச் சொல்லிவிடும்.

சரி, அவன் கேட்ட நாலு பிஸ்டன் செட்டுக்கு வருவோம். அதனால் நிறுத்தும் தூரம் குறையுமா? ஏபிஎஸ் (கடும் பிரேக்கில் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏற்பாடு) உள்ள காரில், காய்ந்த சாலையில், பிரேக்கை அழுத்தி மிதித்தால் ஏபிஎஸ் துடிக்கிறதா? துடித்தால், சக்கரத்தைப் பூட்டும் அளவு பலம் இருக்கிற பிரேக்கிலேயே இருக்கிறது. அதற்கு மேல் நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் நடுவிலுள்ள பிடிப்புதான். பிடிப்புக் கெழு 0.8 என்றால் 100-லிருந்து நிற்க 49 மீட்டர். நல்ல டயர் போட்டு அது 0.95 ஆனால் 41 மீட்டர். எட்டு மீட்டர் வித்தியாசம், இரண்டு கார் நீளம். எந்தக் காலிப்பரும் ஒற்றை நிறுத்தத்தில் இதைத் தராது. இன்ஜினுக்குப் பவர் ஏற்றுகிறவர்கள் முதலில் டயரைப் பார்க்காதது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

பெரிய பேடு என்றால் அதிகம் பிடிக்கும் என்று நினைப்பதும் தவறு. உராய்வு விசை அழுத்தும் விசையையும் உராய்வுக் கெழுவையும் பொறுத்தது. பரப்பு கூடினால் அதே அழுத்தம் பரவலாகிறது, அவ்வளவுதான். தேய்மானமும் சூடும் பகிர்ந்துகொள்ளப்படும், அதுதான் லாபம். டிஸ்க் பெரிதானால் நெம்புகோல் நீளமாவதால் நிறுத்தும் முறுக்குவிசை நிஜமாகவே கூடும். 256 மில்லிமீட்டரிலிருந்து 288-க்குப் போனால் சுமார் 15 சதவீதம். ஆனால் பெரிய டிஸ்க்கின் உண்மையான பலன் அதன் எடையில்தான் இருக்கிறது. 6 கிலோ டிஸ்க் 63 டிகிரி ஏறுகிற இடத்தில் 8 கிலோ டிஸ்க் 47 டிகிரிதான் ஏறும்.

டிஸ்க்குக்குச் சாம்பல் நிற வார்ப்பிரும்பையே இன்னும் பயன்படுத்துவதற்கும் சூடுதான் காரணம். அந்த இரும்புக்குள் கிராஃபைட் மெல்லிய செதில்களாகப் படிந்திருப்பதால் சூடு வேகமாகப் பரவும், அதிர்வும் அடங்கும். நம் சோளிங்கரிலேயே பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பாலை இருக்கிறது. முன் சக்கர டிஸ்க்கை விளிம்பில் பாருங்கள். பல கார்களில் இரண்டு தட்டுக்கு நடுவில் இறகு மாதிரி தடுப்புகள் தெரியும். சுழலும்போது அது ஒரு பம்பு. நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பு வழியாகத் தள்ளும். துளை போட்ட டிஸ்க்கை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்தக் காலத்துப் பேடுகளிலிருந்து கிளம்பிய வாயு வெளியேறப் போட்ட துளைகள் அவை. இன்று அந்த அளவு வாயு வருவதில்லை. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, துளையின் ஓரத்திலிருந்துதான் வெடிப்பு ஆரம்பிக்கும். கோடு வெட்டிய டிஸ்க் பரவாயில்லை. சாதாரண டிஸ்க்கே போதும்.

இன்னொரு சிக்கலைப் பலரும் யோசிப்பதே இல்லை. பிரேக் அடித்தால் வண்டியின் கனம் முன்னால் சாயும். ஈர்ப்பு மையம் 55 சென்டிமீட்டர் உயரத்தில், இரண்டு அச்சுக்கும் இடைவெளி 2.5 மீட்டர் என்றால், கடும் பிரேக்கில் மொத்த எடையில் 17 சதவீதத்துக்கு மேல் பின்னிருந்து முன்னுக்குப் போய்விடும். கம்பெனிக்காரர்கள் இதைக் கணக்குப் போட்டுத்தான் முன் பின் பிரேக் பங்கை வைக்கிறார்கள். முன்னால் மட்டும் பெரிய பிஸ்டனும் டிஸ்க்கும் போட்டால் முன் டயர் சீக்கிரமே எல்லையைத் தொட்டு ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கும், பின் டயரின் பிடிப்பு வீணாகும். செலவு செய்து நிறுத்தும் தூரத்தைக் கூட்டிக்கொள்வதும் நடக்கும். பிஸ்டன் பரப்பு கூடினால் அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும். பெடலோடு சேர்ந்து ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பழையது என்றால் பெடல் நீளமாகப் போகும். 15 அங்குலச் சக்கரத்துக்குள் பெரிய காலிப்பர் நுழையாமல் போகலாம். டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி முன்னால் மாட்டாது என்பது வாணியம்பாடி தாண்டி நடுராத்திரியில் பஞ்சர் ஆகும்போதுதான் தெரியவரும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியை மாற்றியமைப்பதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும்.

பெரிய பிரேக் யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் சுற்றுக்குச் சுற்று வேகத்தைக் கூட்டிக் குறைப்பவருக்கு அது அவசியம். ஜாகுவார் சி-டைப் ரேஸ் கார் 1953-ல் டிஸ்க் பிரேக்கோடு லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றதிலும் இதே விஷயம் இருக்கிறது: டிரம் பிரேக்குகள் சூட்டில் தளர்ந்தபோது டிஸ்க் தளரவில்லை. ஆனால் டிராக்குக்கான பேடு சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் வேலூர் கிரீன் சர்க்கிளில் குறுக்கே ஆட்டோ வந்தால் ஆறிக்கிடக்கும் அந்தப் பேடு கைவிட்டுவிடும். பல பேடுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். ஈ என்றால் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. ரோட்டுக்கு எஃப் எஃப் நல்ல தேர்வு. முதல் எழுத்தைவிட இரண்டாவது இறங்கியிருந்தால் மலைப் பாதைக்கு வேண்டாம்.

கடைசியில் அவன் செட்டை வாங்கவில்லை. பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டு, அவன் காருக்குப் பொருந்துகிற டாட் 5.1 ஊற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தோம், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். முன்னால் எஃப் எஃப் பேடு. டிஸ்க்கின் தடிமனை அளந்தோம், குறைந்தபட்ச அளவுக்கு மேலேயே இருந்தது. ஸ்டீல் பின்னல் ஹோஸ் கேட்டான். பெடல் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், வேறு எதுவும் மாறாது என்று அண்ணன் சொன்னதும் விட்டுவிட்டான்.

புதுப் பேடைப் பழக்க வேண்டும். மறுநாள் விடியற்காலை ஆளில்லாத சாலையில் 60-லிருந்து 10 வரை, முழுக்க நிறுத்தாமல், பத்து முறை வேகத்தைக் குறைத்தான். பிறகு பிரேக் தொடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி ஆறவிட்டோம். இறங்கிப் பார்த்தால் டிஸ்க்கில் சீரான சாம்பல் நிறப் படலம், பேடு தன்னையே மெல்லியதாகப் பூசிவிட்டிருந்தது. இனி அந்தப் பூச்சின் மேல்தான் பிடிப்பு. சூடான டிஸ்க்கோடு பெடலை மிதித்தபடி நின்றுவிட்டால் அந்த ஒரே இடத்தில் பூச்சு தடித்து, அப்புறம் ஸ்டியரிங் அதிரும்.

அடுத்த மாதம் மறுபடி ஏலகிரி. இந்த முறை இரண்டாவது கியர். வளைவுக்கு முன்னால் நன்றாக அழுத்திப் பிடித்துவிட்டு விட்டுவிடுவது, சும்மா கால் வைத்துக்கொண்டே வருவதில்லை. அடிவாரத்தில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை முன் டிஸ்க்கின் மேல் காட்டினேன். 148 டிகிரி. டீ குடித்துவிட்டு வந்து பெடலை மிதித்தான். காலையில் இருந்த உயரத்திலேயே இருந்தது. ராத்திரி அவனிடமிருந்து மெசேஜ், நான்கு டயரின் அளவையும் விலையையும் போட்டு: “மாமா, இதுல எது?”