அப்ரண்டிஸ் என்பவர் பழகுநர்

மின்தொழில் கற்றுக்கொண்டிருக்கும் இளைஞர்களில் மிக நன்றாகச் செய்தவருக்கு ஒரு சான்றிதழ் தரப்போகிறோம், தலைப்பைத் தமிழில் எழுதித் தாருங்கள் என்று ஒருவர் கேட்டார். 'அவுட்ஸ்டாண்டிங் எலக்ட்ரிக்கல் அப்ரண்டிஸ்' என்ற மூன்றே சொற்கள்தான். அவற்றில் கடைசிச் சொல்லிடம் நான் நின்ற நேரம் அதிகம்.

அந்தச் சொல்லைத் தமிழ்ப் பேச்சு நன்றாக நடத்தவில்லை. அப்பரண்டீஸ், அப்ரசண்டி என்று வாய்க்கு வந்தபடி திரிந்து, ஒன்றும் தெரியாதவன் என்று திட்டும் சொல்லாகவே அது ஆகிவிட்டது. வேலை நடக்கும் இடத்தில் வேறு பெயர்களும் உண்டு: ஹெல்பர், கையாள், எடுபிடி. ஏணியைப் பிடி, டெஸ்டரை எடு, அந்த ஒயரை இழு என்று நாள் முழுக்கக் கேட்கிற ஏவல்களில் 'எடு', 'பிடி' என்ற இரண்டை ஒட்டவைத்து ஒரு மனிதருக்குப் பெயராக்கிவிட்டோம். இவற்றில் எதையும் பாராட்டுச் சான்றிதழில் எழுத முடியாது.

ஆனால் பிறந்த இடத்தில் இந்தச் சொல்லுக்கு இழிவு எதுவும் இல்லை. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து அது ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சில் 'அப்ரான்த்ர்' என்றால் கற்றுக்கொள்வது. அதற்கும் பின்னால் இருப்பது 'அப்ரெஹெந்தெரே' என்ற லத்தீன் வினை. பற்றுதல், பிடித்தல் என்று பொருள். கையால் ஒன்றைப் பிடிப்பதைச் சொன்ன வினை, மனத்தால் ஒன்றைப் பிடிப்பதற்கும் ஆகி, அங்கிருந்து கற்பதற்கு நகர்ந்திருக்கிறது.

நம்மிடமும் இதே வழி இருக்கிறது. 'முதல் ஆறு மாதம் ஒன்றும் புரியவில்லை, அப்புறம் வேலை பிடிபட்டுவிட்டது' என்று சொல்லாத தொழிலாளி யார்? எடுபிடியில் இருக்கும் பிடியும் பிடிபட்டதில் இருக்கும் பிடியும் ஒரே சொல்தான். இடுக்கியைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்த கைக்குத்தான் எந்தத் திருகாணியை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது பிடிபடுகிறது. லத்தீன் பேசியவர்கள் இதைக் கண்டுபிடித்த மாதிரியே தமிழ் பேசியவர்களும் கண்டுபிடித்திருக்கிறார்கள். எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி.

ஐரோப்பாவில் அப்ரண்டிஸ் என்பது உடன்படிக்கையோடு வந்த ஒரு நிலை. ஆசானும் பிள்ளையின் பெற்றோரும் ஒப்பந்தத்தை ஒரே தாளில் இரண்டு படிகளாக எழுதி, நடுவே பல்பல்லாக வளைத்து வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். சந்தேகம் வந்தால் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பார்கள், பற்கள் பொருந்த வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள 'இண்டென்ச்சர்' என்ற பெயர் பல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் 1563ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 7 ஆண்டுகள் இப்படிப் பழகாமல் ஒருவர் கைத்தொழில் நடத்தக்கூடாது என்றது. ஆசானுக்கு அங்கே 'மாஸ்டர்' என்று பெயர். நாம் சொல்லும் மேஸ்திரியும் போர்ச்சுக்கீசிய மொழி வழியாக வந்த அதே லத்தீன் வேர்ச்சொல்தான்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

பலருக்கும் முதலில் தோன்றுவது 'பயிற்சியாளர்'. இது தவறு, அதுவும் சான்றிதழில் போட்டால் பொருளே தலைகீழாகும் தவறு. விளையாட்டுச் செய்திகளில் அணியின் பயிற்சியாளர் என்றால் பயிற்சி கொடுப்பவர். 'சிறந்த மின்தொழில் பயிற்சியாளர்' என்று அச்சடித்துக் கொடுத்தால், படிப்பவர்கள் அது கற்றுக்கொடுத்தவருக்குப் போக வேண்டிய பரிசு என்றே நினைப்பார்கள். 'பயிற்சி பெறுபவர்' பிழையில்லை, ஆனால் அது பெயராக நிற்கவில்லை, விளக்கமாக நிற்கிறது. 'மாணவர்' நல்ல சொல்தான். ஆனாலும் அப்ரண்டிஸ் வகுப்பில் மட்டும் உட்கார்ந்திருப்பவர் அல்லர். சம்பளமோ உதவித்தொகையோ வாங்கிக்கொண்டு உண்மையான வேலையில் நிற்பவர்.

இலங்கையில் 'பயிலுநர்' என்பது அரசு வழக்கு. தமிழ்நாட்டு அரசு அறிவிப்புகளில் 'தொழிற்பழகுநர்' என்று இருக்கும், இந்தியாவின் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அந்தப் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். இரண்டும் நல்ல ஆக்கம். பயில் என்ற வினைக்குப் பழைய தமிழில் நெருங்கியிருத்தல், அடிக்கடி நிகழ்தல் என்ற பொருளும் உண்டு. திரும்பத் திரும்பச் செய்வதால்தான் அது பயிற்சி. ஆனால் இன்றைக்குப் பயிலுதல் என்றால் பள்ளியும் புத்தகமும்தான் பலருக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. பழகுதல் கையோடு ஒட்டியது. 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்ற பழமொழியை மறக்க முடியுமா? தச்சு வேலை பழகுகிறான், வண்டி ஓட்டப் பழகுகிறாள் என்று இன்றும் சாதாரணமாகப் பேசுகிறோம். அதனால் என் தேர்வு பழகுநர்.

எழுத்துப்பிழைக்கு இடம் தரும் சொல் இது. ஓட்டு, இயக்கு, அனுப்பு, பெறு, பழகு போன்ற வினைகளோடு 'நர்' சேரும்போது தந்நகரம்தான் வரும்: ஓட்டுநர், இயக்குநர், அனுப்புநர், பெறுநர், பழகுநர். 'உறுப்பினர்' என்பதில் மூன்றுசுழி னகரம் வருவது வேறு கணக்கு, அது உறுப்பு என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. இன்னொன்று, வாகனம் ஓட்டக் கற்பவரின் உரிமத்தையும் பழகுநர் உரிமம் என்கிறோம். குழப்பம் வராமலிருக்க, தொழிற்பழகுநர் என்றோ மின்தொழில் பழகுநர் என்றோ முழுதாக எழுதுவது நல்லது.

எலக்ட்ரிக்கல் என்பதில் சிக்கல் இல்லை. கிரேக்க மொழியில் அம்பர் என்ற புதைபடிவ மரப்பிசினைக் குறித்த 'எலெக்ட்ரான்' அதன் வேர், 1600இல் வில்லியம் கில்பர்ட் தம் லத்தீன் நூலில் அதை அறிவியல் சொல்லாக்கினார். நமக்கு மின் இருக்கிறது, மின்னுவதைச் சொல்லும் சொந்த வினை. மின்பணியாளர், மின்கம்பியாள் என்று ஆட்பெயர்களும் வழக்கில் உண்டு.

அவுட்ஸ்டாண்டிங் என்பதை 'தனித்து நிற்கும்' என்று பெயர்க்கலாம், 'தலைசிறந்த' என்றும் எழுதலாம். (கணக்கில் அதே சொல் கட்டப்படாத பாக்கியைக் குறிக்கும். நம் நிலுவையிலும் நில் இருப்பதைக் கவனியுங்கள்.) மின்தொழிலில் இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. வெளியே துருத்தி நிற்பது இங்கே தகுதி அல்ல. ஒரு பழகுநர் செய்த நல்ல வேலை சுவருக்குள் குழாயில் போய்விடுகிறது. முனையில் இணைப்பு தளர்ந்திருந்தால் அங்கே மின்னோட்டத்துக்குத் தடை கூடும், சூடாகும், பல மாதம் கழித்துக் கருகும். இறுக்கமாக முடுக்கியிருந்தால் எதுவுமே நடக்காது. அந்த 'எதுவுமே நடக்காதது'தான் அவருடைய சிறப்பு. தொடுவதற்கு முன் மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்யும் விதத்திலும் இதைப் பார்க்கலாம். மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் டெஸ்டரைச் சோதித்து, வேலை செய்யவேண்டிய சுற்றைச் சோதித்து, மறுபடியும் டெஸ்டரையே சோதிப்பது முறை. அவசரத்திலும் அந்த மூன்றாவது படியை விடாதவரைக் கண்டுபிடிக்க, பக்கத்திலேயே நின்று பார்த்த ஒருவர் வேண்டும்.

ஒப்பிட்டுத்தான் சிறப்பைச் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. ஸ்பெயினும் போர்ச்சுகலும் 1950இல் மாட்ரிட்டில் நடத்திய இளைஞர் தொழில்திறன் போட்டி, இன்று வேர்ல்ட்ஸ்கில்ஸ் என்ற உலகப் போட்டியாக வளர்ந்திருக்கிறது. மின்நிறுவல் அதில் ஒரு பிரிவு. முதல் மூன்று இடத்துக்குப் பதக்கம் தருவதோடு, குறிப்பிட்ட மதிப்பெண் வரையறையை எட்டிய மற்ற எல்லோருக்கும் ஒரு சிறப்புப் பதக்கம் தருகிறார்கள். அந்த முறை எனக்குப் பிடிக்கும். ஆகவே 'தலைசிறந்த' என்று ஒருவரை மட்டும் உச்சியில் ஏற்றாமல், 'சிறந்த' என்று எழுதினேன்.

கடைசியாக, இதை அங்கீகாரம் என்பதா, பாராட்டு என்பதா? அங்கீகாரம் வடமொழிச் சொல், தன்னுடையதாக ஏற்றுக்கொள்வது. ஒப்புதல், ஏற்பு என்பவை அதற்குத் தமிழ். ஆனால் மின்தொழிலில் 'அங்கீகரிக்கப்பட்ட' என்ற அடைமொழிக்குச் சட்டப் பொருள் உண்டு. உரிமம் பெற்றவர், மேற்பார்வை இல்லாமல் வேலை செய்யலாம் என்று அதைப் படிப்பார்கள். பழகுநருக்கு அதைக் கொடுப்பது ஆபத்து. பாராட்டு அப்படி அல்ல. நட்பு பாராட்டுகிறோம், உறவு பாராட்டுகிறோம். அங்கே புகழ்ச்சியே இல்லை, ஒன்றை மதித்து நடப்பில் வைத்திருப்பது என்றுதான் பொருள்.

மைக்கேல் ஃபாரடே 1805இல், 14 வயதில், லண்டனில் ரீபோ என்ற புத்தகக் கட்டுநரிடம் 7 ஆண்டு உடன்படிக்கையில் பழகுநராகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த கலைக்களஞ்சியத் தொகுதியில் மின்சாரம் பற்றிய கட்டுரையைப் படித்துத்தான் அவருக்கு அதில் ஆர்வம் பிறந்தது. அவர் எழுதிவைத்த அறிவியல் குறிப்பேட்டை ரீபோ, கடைக்கு வந்தவரிடம் எடுத்துக் காட்டினார். அதன் வழியாக 1812இல் வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு கிடைத்தது, மறு ஆண்டு டேவி இருந்த ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. இன்றைய ஜெனரேட்டருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் அடிப்படையான மின்காந்தத் தூண்டலை 1831இல் கண்டறிந்தவர் அவர்தான். ரீபோ சான்றிதழ் எதுவும் அச்சடிக்கவில்லை. தன் பழகுநர் செய்ததை இன்னொருவர் கண்ணில் படவைத்தார், அவ்வளவுதான்.

கேட்டவருக்கு 'சிறந்த மின்தொழில் பழகுநர்: பாராட்டுச் சான்று' என்று எழுதிக் கொடுத்தேன். அதன் கீழே ஒரு வரி காலியாக விட்டு, அவரோடு நின்று வேலை பார்த்த மூத்த மின்பணியாளரே அந்த இளைஞர் செய்த ஒரு வேலையைத் தன் கையால் அதில் எழுதட்டும் என்றும் கேட்டுக்கொண்டேன்.