பெட்ரோல் விலை ஏறுது சரி, உங்க வண்டி எவ்வளவு குடிக்குது?

2020 ஏப்ரல் கடைசி. ஊரடங்கு. மதுரை மேலூர் ரோட்டில் நாயைத் தவிர நடமாட்டம் இல்லை. பங்க்கில் ஆம்புலன்ஸ், காய்கறி வண்டி, மருந்துக்கடைக்காரர்கள் என்று விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் வியாபாரம். அந்த மருந்துக்கடைக்காரர்களில் ஒருவர் டேங்க் மூடியைத் திறந்துகொண்டே கேட்டார்:

"ஏண்ணே, அமெரிக்காவுல எண்ணெயைத் தூக்கிட்டுப் போனா அவனே காசு தர்றானாம், டிவில ஓடுது. நீங்க மட்டும் லிட்டருக்கு எழுபதுக்கு மேல வாங்குறீங்களே?"

நான் இந்தத் தொழிலில் இருபது வருடமாக மேனேஜர். பம்ப் போடுகிற பையனாக ஆரம்பித்தவன். அன்றைக்கு அவருக்கு நான் சொன்ன பதில் எனக்கே அரைகுறையாகத்தான் இருந்தது. அதன்பிறகு ஒவ்வொரு விலையேற்றத்திலும் அதே கேள்வியை வேறு வேறு வாயிலிருந்து கேட்டுவிட்டேன். பங்க் முதலாளிதான் ஏற்றுகிறார் என்று நினைத்து கன் பிடிக்கிற பையனைத் திட்டிவிட்டுப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த அமெரிக்கக் கதை. 2020 ஏப்ரல் 20 அன்று ஒரு பேரல் கச்சா எண்ணெய் மைனஸ் 37 டாலருக்கும் கீழே போனது உண்மைதான். ஆனால் அது அமெரிக்காவின் ஒரு ரக எண்ணெய்க்கு, மே மாத ஒப்பந்தத்துக்கு மட்டும் நடந்த கூத்து. ஒப்பந்தப்படி எண்ணெயை எடுத்தே ஆக வேண்டும். ஊரெல்லாம் முடங்கிக் கிடந்ததால் ஊற்றி வைக்கத் தொட்டி இல்லை. கையிலிருந்த ஒப்பந்தத்தைக் காசு கொடுத்துக் கழற்றிவிட்டார்கள். நமக்கு வருகிற எண்ணெய்க்கு அந்த விலை கிடையாது. ஆனாலும் உலகச் சந்தை மொத்தமும் அப்போது விழுந்துதான் கிடந்தது. அந்த விலைக்குறைவு எங்கே போனது? மே முதல் வாரம் மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றியது. மாநில அரசும் அதே வாரம் தன் பங்குக்கு வரியை ஏற்றியது. சந்தை இறக்கிய விலை உங்கள் டேங்குக்கு வருவதற்கு முன்பே வரியில் இறங்கிவிட்டது. மருந்துக்கடைக்காரருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.

சரி, ஏறும்போது எப்படி ஏறுகிறது? நாம் எரிக்கும் எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருவது. ஒரு பேரல் என்பது 159 லிட்டர். டாலருக்கு 84 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பேரலுக்கு ஒரு டாலர் ஏறுவது லிட்டருக்கு 53 காசு. பத்து டாலர் ஏறினால் 5 ரூபாய் 30 காசு. நம் மாநில வரியில் ஒரு பகுதி சதவீதக் கணக்கு என்பதால் அதன்மேல் வரியும் சேர்ந்து, நம் கையில் ஆறு ரூபாய் பக்கம் வந்து நிற்கும். டிவியில் 'கச்சா எண்ணெய் விலை உயர்வு' என்று ஓடும்போது இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், பயமும் குறையும், புரளியும் தெரியும்.

பலர் கவனிக்காதது ரூபாயின் மதிப்பு. அதே 80 டாலர் பேரல், டாலர் 60 ரூபாயாக இருந்தபோது லிட்டருக்கு 30 ரூபாய் சொச்சம். டாலர் 84 ஆனபோது அதே எண்ணெய் 42 ரூபாய் சொச்சம். அரபு நாட்டில் ஒரு காசு ஏறவில்லை, இங்கே 12 ரூபாய் ஏறிவிட்டது. இன்னொன்று, நமக்குப் போடுகிற விலை கச்சா எண்ணெயை மட்டும் பார்த்துப் போடுவதில்லை. சுத்திகரித்த பெட்ரோல், டீசல் வளைகுடாச் சந்தையில் என்ன விலை போகிறது என்பதையும் பார்த்துத்தான் போடுகிறார்கள். அதனால் கச்சா எண்ணெய் சும்மா இருக்கும்போதே டீசல் மட்டும் எகிறுவதும் உண்டு.

ஹோர்முஸ் நீரிணை என்ற பெயரைச் செய்தியில் கேட்டிருப்பீர்கள். ஈரானுக்கும் ஓமானுக்கும் நடுவே ஒரு குறுகலான கடல்வழி. அமைதியான காலத்தில் உலகம் எரிக்கும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தச் சந்து வழியாகத்தான் வெளியே வருகிறது. அங்கே ஒரு குண்டு வெடித்தால், வெடிக்கும் என்று யாராவது சொன்னால்கூட, கப்பலுக்கு இன்சூரன்ஸ் கூடும், வாடகை கூடும், வியாபாரிகள் முன்கூட்டியே வாங்கிக் குவிப்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை பார்க்கிற குவைத், துபாய் பக்கத்து விவகாரம் என்பதால் மதுரையில் பாதிப் பேருக்கு அந்தக் கவலை வேறு வழியிலும் வந்துவிடும்.

அந்தக் கடலில் வந்த எண்ணெய்தான் மணலியில் சுத்திகரிக்கப்பட்டு, சென்னை, திருச்சி, மதுரை என்று குழாயிலேயே வந்து சேர்கிறது. அங்கிருந்து டேங்கர் லாரியில் எங்கள் பங்க். அந்தக் கடைசித் தூரத்துக்கு லிட்டருக்குச் சில காசுதான் செலவு. பங்க் முதலாளிக்குக் கமிஷன், பெட்ரோலுக்கு லிட்டருக்கு ஏறக்குறைய நாலு ரூபாய். அதில்தான் சம்பளம், கரண்ட், ஆவியாகிப் போகிற நஷ்டம் எல்லாம். விலை ஏறினால் அந்தக் கமிஷன் பெரிதாக ஏறாது. லோடுக்குக் கட்ட வேண்டிய முன்பணம் மட்டும் ஏறும்.

விலை குறையும்போது எங்கள் கதையே வேறு. 2021 தீபாவளி நவம்பர் 4. முந்தின நாள் ராத்திரி கலால் வரிக் குறைப்பு அறிவிப்பு, டீசலுக்குப் பத்து ரூபாய், பெட்ரோலுக்கு ஐந்து. விடுமுறைக்காக டேங்கை நிரப்பி வைத்திருந்தோம். பன்னிரண்டாயிரம் லிட்டர் டீசல், பழைய வரி கட்டி வாங்கியது. விடிந்தபோது அதில் மட்டும் ஒரு லட்சத்து இருபதாயிரம் போயிருந்தது. ஊரே வெடி வெடித்தது. எங்கள் முதலாளி எண்ணெய் தேய்த்துக் குளிக்கவே இல்லை.

மதுரைக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும், அதே ஆண்டு ஆகஸ்டில் மாநில பட்ஜெட்டில் பெட்ரோலுக்கு 3 ரூபாய் வரி குறைத்தவர் நம் மதுரை மத்தி எம்எல்ஏவாக இருந்து நிதியமைச்சரான பழனிவேல் தியாகராஜன். அந்தக் குறைப்புக்குப் பிறகு பெட்ரோலுக்கு மாநில வரி 13 சதவீதம், அதோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் வராததால்தான் மாநிலத்துக்கு மாநிலம் விலை மாறுகிறது.

இன்னொரு சங்கதி. 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை ஆறு மணிக்கு விலை மாற்றம் என்று கொண்டுவந்தார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் 2021 நவம்பரிலிருந்து 2022 மார்ச் வரை ஐந்து மாநிலத் தேர்தல் வந்தபோது, உக்ரைன் போரில் பிரெண்ட் என்ற ரகக் கச்சா எண்ணெய் பேரல் 139 டாலரைத் தொட்டும் நாலரை மாதம் பங்க்கில் ஒரு காசு நகரவில்லை. தேர்தல் முடிந்து மார்ச் 22-ல் ஆரம்பித்துப் பதினாறே நாளில் பத்து ரூபாய் பக்கம் ஏறியது. அந்தப் பதினாறு நாளும் எங்கள் பையன்கள் வாங்கிய திட்டுக்குக் கணக்கில்லை. 2022 மே மாதம் கலால் வரி குறைந்த பிறகு, 2024 மார்ச்சில் இரண்டு ரூபாய் குறைக்கும் வரை ஏறக்குறைய இரண்டு வருடம் விலை அப்படியே நின்றது. நடுவில் உலகச் சந்தை ஏறி இறங்கி ஏறியது. 2025 ஏப்ரலில் சந்தை இறங்கியபோது கலால் வரி 2 ரூபாய் ஏறியது, பங்க் விலை மாறவில்லை. தினசரி மாற்றம் என்பது காகிதத்தில் இருக்கிறது என்றுதான் நான் சொல்வேன். 'நாளைக்கு ஏறுது' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் ராத்திரி பதினோரு மணிக்கு வரிசையில் நிற்காதீர்கள். அஞ்சு லிட்டர் டேங்கில் நீங்கள் மிச்சம் பிடிப்பது ஒரு டீக் காசு.

அப்படியென்றால் நம் கையில் என்னதான் இருக்கிறது? ஒரு கணக்குச் சொல்கிறேன். திருமங்கலத்திலிருந்து மதுரைக்குத் தினமும் பைக்கில் வேலைக்கு வருகிறவர், போக வர 40 கிலோமீட்டர். மாதம் 26 நாள், 1,040 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கொடுக்கிற வண்டி என்றால் 20.8 லிட்டர். விலை 5 ரூபாய் ஏறினால் மாதம் அவருக்குக் கூடுதல் செலவு 104 ரூபாய். இதே வண்டி கவனிக்காமல் கிடந்து 42-தான் கொடுக்கிறது என்று வையுங்கள். கிட்டத்தட்ட 4 லிட்டர் கூடுதல். லிட்டர் நூறு ரூபாய் என்றால் 396 ரூபாய். அந்த 104 ரூபாய்க்கு நடுரோட்டில் சண்டை போடுகிறோம், இந்த 396 போவது நமக்கே தெரியாது.

அது தெரியவேண்டுமென்றால் ஃபுல் டேங்க் கணக்கு ஒன்றுதான் வழி. ஃபுல் டேங்க் அடித்து கிலோமீட்டரைக் குறியுங்கள். அடுத்த முறையும் ஃபுல் அடித்து, போட்ட லிட்டரால் ஓடிய தூரத்தை வகுங்கள். நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் போட்டுக்கொண்டே இருந்தால் மைலேஜ் எந்தக் காலத்திலும் தெரியாது. கன் தானாகக் கட் ஆனதும் நிறுத்திவிடுங்கள், அதற்குமேல் ரவுண்டு தொகைக்காக ஊற்றச் சொல்ல வேண்டாம்.

டயரில் காற்று குறைந்தாலும் மைலேஜ் போகும், அந்த விஷயத்தில் நம் ஆட்கள் மோசம். பங்க்கில் காற்று இலவசம், அது எங்கள் கடமை, டிப்ஸ் கேட்டால் கொடுக்க வேண்டியதும் இல்லை. ஆனாலும் பத்துப் பேரில் ஒருவர்தான் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புகிறார். கோரிப்பாளையம் சிக்னலில் ஆஃப் பண்ணாமல் முறுக்கிக்கொண்டே நிற்பதும், நத்தம் ரோடு மேம்பாலம் காலியாகக் கிடக்கிறதே என்று எண்பதில் பறப்பதும் அதே கணக்கில் சேரும். 45-லிருந்து 55-க்குள் ஓட்டுகிறவருக்குத்தான் எண்ணெய் நிற்கும்.

விலை ஏறுகிற காலத்தில் ஏமாற்று வித்தைகளும் கூடும். அதிகம் நடப்பது இதுதான்: ஐந்நூறு ரூபாய்க்குச் சொல்லியிருப்பீர்கள், பையன் இருநூறில் நிறுத்திவிட்டு "ஐந்நூறா சார், சாரி" என்பான். மீதி முந்நூறு என்று மறுபடி அழுத்துவான், ஆனால் மீட்டர் பூஜ்யத்துக்கு வராமல் இருநூறிலிருந்தே ஓடி முந்நூறில் நிற்கும். உங்கள் கையை விட்டுப் போனது ஐந்நூறு. எங்கள் தொழில்காரர்களே இதைச் செய்கிறார்கள் என்பதில் எனக்கு வெட்கம்தான். ஜீரோ பார்ப்பதோடு நிற்காதீர்கள், நடுவில் நின்றால் மறுபடியும் ஜீரோ பாருங்கள். போனைப் பார்க்காதீர்கள்.

110 ரூபாய்க்குப் போட்டால் கூடுதலாக வரும், விடிகாலையில் போட்டால் குளிர்ச்சியில் கூடுதலாக வரும் என்பதெல்லாம் வீண். டேங்க் மண்ணுக்குள் இருக்கிறது. மேலே நாற்பது டிகிரி சித்திரை வெயில் அடித்தாலும் உள்ளே சூடு பெரிதாக மாறாது.

அளவில் சந்தேகம் வந்தால் கூச்சப்படாமல் ஐந்து லிட்டர் அளவுக் குடுவையைக் கேளுங்கள். முத்திரை வைத்த குடுவை எல்லாப் பங்க்கிலும் இருக்க வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை முன்னே பின்னே இருக்கலாம், அதற்குமேல் குறைந்தால் தொழிலாளர் துறையில் எடையளவுப் பிரிவுக்குப் புகார் கொடுக்கலாம். பெட்ரோலில் கலப்படச் சந்தேகம் என்றால் ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் காய வேண்டும். டென்சிட்டியும், அதாவது எண்ணெயின் அடர்த்தியும் பார்க்கலாம்: லோடு இன்வாய்ஸில் இருக்கிற எண்ணுக்கும் அங்கே அளக்கிற எண்ணுக்கும் 15 டிகிரி வெப்பநிலைக்கு மாற்றிப் பார்த்தால் (கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில்) மூன்றுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. கேட்டால் முகம் சுளிக்கிற பங்க்குக்கு மறுபடி போகாதீர்கள்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குப் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே மைலேஜ் கொஞ்சம் குறைவது உங்கள் பிரமை இல்லை. எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஐப்பசி மழையில் டேங்க் மூடி ரப்பர் நைந்த வண்டிகள் திக்கித் திணறி எங்கள் வாசலில் நிற்கும், "உங்க பெட்ரோல்லதான் தண்ணி" என்ற சண்டையோடு. சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும், அதனால்தான் காலையில் டேங்கில் தண்ணீர் பார்க்கிற வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை. ஆனால் பெரும்பாலும் அந்தப் பழைய ரப்பர்தான்.

ஆனையூரிலிருந்து வருகிற ஒரு ஆட்டோக்காரர் சீட்டுக்கு அடியில் நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஃபுல்லுக்கும் தேதி, கிலோமீட்டர், லிட்டர். போன மழைக்காலத்தில் அந்த நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "அண்ணே, மூணு ஃபுல்லா லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொறையுது. உங்க பெட்ரோலா, என் வண்டியா?" டென்சிட்டி பார்த்தோம், சரியாக இருந்தது. வண்டியை மேடையில் தள்ளிப் பார்த்தால் பின் சக்கரம் ஒன்று தானாக உருளவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. மெக்கானிக்கிடம் அனுப்பினேன். அடுத்த ஃபுல்லுக்கு வந்தபோது நோட்டைப் பிரித்துக் காட்டினார், பழைய எண் திரும்பி வந்திருந்தது.