வானொலியைக் கண்காணிக்க 22 பேர்: சட்டத்தில் உறங்கும் ஓர் அழகான கணக்கு

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். புயல் நேரத்தில் அவர்கள் நம்பியிருப்பது புதுச்சேரி வானொலியை. அந்த வானொலியைத் தட்டிக் கேட்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது, தங்கள் எம்.பி.க்கு அதில் பங்குண்டா என்பது அவர் கேள்வி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறிய கரைக்காரர் அவர். மின்சாரமும் செல்போனும் செத்துக் கிடக்கும்போது ஒரு பாட்டரி ரேடியோவின் அருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் பொது ஒலிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதியின் கீழ் வருகின்றன. 1990இல் இயற்றப்பட்ட அதன் சட்டம் 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதன் தலைவரைப் பரிந்துரைப்பவர்கள் மூவர்: மாநிலங்களவைத் தலைவர், பிரஸ் கவுன்சில் தலைவர், குடியரசுத் தலைவர் நியமிக்கும் ஒருவர். ஊதியத்துக்கான பணம் மத்திய அரசிடமிருந்து வருகிறது. இவை பலரும் அறிந்தவை. என் மனம் கவர்ந்தது 13ஆம் பிரிவு. நிறுவனத்தைக் கண்காணிக்க 22 எம்.பி.க்கள் கொண்ட குழு வேண்டும் என்கிறது அது. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். ஒற்றை மாற்று வாக்கு முறையில் தேர்வு: வாக்களிப்பவர் வேட்பாளர்களை 1, 2, 3 என விருப்ப வரிசையில் குறிப்பார், முதல் விருப்பத்தாருக்குத் தேவைப்படாத வாக்கு அடுத்தவருக்கு மாறும்.

மாநிலங்களவைத் தேர்தல் வரும்போதெல்லாம் "ஓர் உறுப்பினருக்கு 34 எம்.எல்.ஏ.க்கள் தேவை" என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதே முறைதான். தமிழ்நாட்டில் 234 வாக்குகள், 6 இடங்கள். 234ஐ 7ஆல் வகுத்து, பின்னத்தை விட்டு, ஒன்று கூட்டினால் 34. ஏன் 6ஆல் வகுக்கவில்லை? ஏழு பேருக்குத் தலா 34 கிடைக்க 238 வாக்குகள் வேண்டும், அவ்வளவு இல்லை. ஆகவே 34 பெற்றவரை யாராலும் பின்தள்ள முடியாது. ஹென்றி டுரூப் என்ற 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய வழக்கறிஞர் கண்ட கணக்கு இது.

இதை மக்களவைக்குப் போட்டுப் பாருங்கள். 543 பேரும் வாக்களித்தால், 15 இடங்களுக்கு 16ஆல் வகுத்து ஒன்று கூட்ட, அங்கேயும் 34! சாதாரணப் பெரும்பான்மை வாக்கெடுப்பென்றால் 272 பேர் உள்ள அணி 15 இடங்களையும் அள்ளிக்கொள்ளும். இந்த முறையில் 272ஐ 34ஆல் வகுத்தால் கிடைப்பது 8 இடங்கள்தான். எதிரணியின் 271 பேருக்கு 7 இடங்கள்.

தமிழ்நாட்டின் 39 பேரும் புதுச்சேரியின் ஒருவரும் சேர்ந்து ஒருவரையே முதல் விருப்பமாகக் குறித்தால் 40 வாக்குகள். ஆறு உபரி. நிறைந்த மரக்காலில் வழியும் நெல்லைப் போல அது அடுத்தவருக்குப் போக வேண்டும். எந்த ஆறு சீட்டுகளை எடுப்பது? கைக்கு வந்ததை எடுத்தால், அந்த அறுவரின் இரண்டாம் விருப்பம் மட்டும் எண்ணப்படும். மற்ற 34 பேரின் விருப்பம் வீணாகும். மாநிலங்களவைத் தேர்தல் விதிகள் இதற்குச் சொல்லும் வழி அற்புதமானது. ஒவ்வொரு சீட்டின் மதிப்பும் 100 என்று கொள்வார்கள். மொத்தம் 54,300, அதையும் 16ஆல் வகுத்து, பின்னத்தை விட்டு, ஒன்று கூட்டினால் வெல்லத் தேவை 3,394. நம்மவருக்கு 4,000, உபரி 606. அதை 40 சீட்டுக்கும் பங்கிட்டால், பின்னம் போக, தலா 15. நாற்பது சீட்டும் இரண்டாம் விருப்பத்தாரிடம் போகும், சீட்டுக்கு 15 மதிப்போடு. யாருடைய விருப்பமும் விடுபடாது. பிறகும் இடம் நிரம்பாவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி, அவர் சீட்டுகளை அப்படியே அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள்.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு ஏட்டோடு நிற்கிறது. அந்த 22 பேர் குழு அமைக்கப்படவே இல்லை. அலைக்கற்றை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்த பிறகும் இந்த நிலை நீடிப்பது எனக்குக் கோபமூட்டுகிறது. அரசியல்வாதிகள் வானொலிப் பக்கமே வரக்கூடாது என்போர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் அமைச்சகத்தின் கை மட்டும் இருப்பதைவிட, எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருபத்திரண்டு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குக் கேட்பது மேல்.

வாசகருக்கு என் பதில்: உங்கள் எம்.பி. தகவல் ஒலிபரப்பு அமைச்சரிடம் அவையில் கேள்வி எழுப்பலாம். அமைச்சகம் செலவுக்குக் கேட்கும் பணத்தை, அதாவது மானியக் கோரிக்கையை, ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு எழுதலாம். 13ஆம் பிரிவுக் குழு எப்போது அமையும் என்று கேட்கச் சொல்லி அவருக்கு ஒரு கடிதம் போடுங்கள். புதுச்சேரி எம்.பி.க்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.