பழைய டிவிடி ரைட்டரைக் கழற்றுவதற்கு முன் வட்டுகளைப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் கணினி திருத்தும் தொழிலில் இருப்பதால், பழைய கணினியின் டிவிடி ரைட்டரை மாற்றித் தரும்படி கேட்டு வருபவர்களை இன்றும் காண்கிறேன். திருமணம், பூப்புனித நீராட்டு விழா, அந்தியேட்டி என்று ஒரு காலத்தில் எடுத்த வீடியோக்கள் அலுமாரிக்குள் வட்டுகளாகவே கிடக்க, கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் ஒருவர் பிரதி கேட்கும்போதுதான் அவற்றின் நினைவு பலருக்கு வருகிறது. வருபவர்கள் முதலில் விசாரிப்பது விலையையும் வேகத்தையும். ஆனால் கையில் இருக்கும் வட்டுகள் எந்த வகையைச் சேர்ந்தவை, அவற்றை எழுதியது எந்தக் கருவி, இனி எழுதப்போவதை யார் எதில் போட்டுப் பார்ப்பார்கள் என்ற மூன்றும் தெரியாமல் புதிய ட்ரைவ் வாங்குவதில் பயனில்லை.

எழுதும் டிவிடிகளில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு. பயனியர் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த டிவிடி மைனஸ் ஆர் ஒன்று; பிலிப்ஸ், சொனி முதலிய நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கி 2002இல் சந்தைக்கு வந்த டிவிடி பிளஸ் ஆர் மற்றது. இரண்டும் 4.7 ஜி.பி. கொள்ளளவு உடையவை. (விண்டோஸ் அதை 4.37 என்று காட்டுவதைக் கண்டு கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். கணக்கிடும் முறைதான் வேறு.) வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாவிட்டாலும், எந்த இடத்தில் எழுதுகிறோம் என்பதை ட்ரைவுக்குக் காட்டும் அடையாளங்கள் இரண்டிலும் வெவ்வேறு விதமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. அதனால் அந்தக் காலத்து ரைட்டர்களில் பல, ஒரு குடும்பத்து வட்டில் மட்டுமே எழுதின. இரண்டிலும் எழுதும் ட்ரைவுகள் 2002இன் பிற்பகுதியில் வரத் தொடங்கின, 8.5 ஜி.பி. கொள்ளும் இரட்டை அடுக்கு வட்டுகள் 2004இல்தான் வந்தன. அதற்கு முந்திய ரைட்டர்கள் பொதுவாக இரட்டை அடுக்கில் எழுதா.

ட்ரைவின் முகப்பில் உள்ள சின்னத்தைப் பார்த்தே பாதி விடயம் விளங்கிவிடும். ‘சூப்பர் மல்டி’ என்றிருந்தால் பிளஸ், மைனஸ், டிவிடி ராம் (மீண்டும் மீண்டும் எழுதக்கூடிய இன்னொரு வகை) மூன்றிலும் எழுதும். வெறுமனே ‘மல்டி’ என்றிருந்தால் மைனஸும் ராமும்தான் உறுதி. இன்று கடையில் கிடைக்கும் புதிய ட்ரைவுகள் பிளஸ், மைனஸ் இரண்டையும் பெரும்பாலும் ஏற்கும் என்பதால் இந்தப் பக்கத்தில் அதிகம் கவலைப்படத் தேவையில்லை. கவலைப்பட வேண்டியது ஏற்கெனவே எழுதி வைத்த வட்டுகளைப் பற்றித்தான்.

அவற்றிலும் ஃபைனலைஸ் செய்யப்படாத வட்டுகளே அதிகம் தொல்லை தருபவை. எழுதி முடிந்ததும் வட்டின் முடிவையும் உள்ளடக்க அமைப்பையும் பதிந்து மூடும் வேலையைத்தான் ஃபைனலைஸ் என்கிறோம். அது நடக்காத வட்டு, எழுதிய கருவியில் நன்றாக ஓடும். இன்னொரு ட்ரைவில் போட்டால் வெறும் வட்டு என்று காட்டக்கூடும். எட்டு சென்ரிமீற்றர் விட்டமுள்ள சிறிய டிவிடிகளில் பதிந்த கமராக்களின் வட்டுகளில் இதை மிகுதியாகக் காணலாம். 1.4 ஜி.பி. வட்டு நிரம்பியதும் அடுத்ததைப் போட்டுப் படம்பிடித்தவர்கள், முதல் வட்டை மூட மறந்துவிடுவார்கள். கமரா இன்னும் வேலை செய்தால் அதிலேயே ஃபைனலைஸ் செய்துகொள்ளுங்கள். பழைய ரைட்டரில் எழுதி மூடாமல் விட்டவற்றை அந்த ரைட்டர் உயிரோடு இருக்கும்போதே மூடிவிடுங்கள். இரண்டும் போய்விட்டால், ஐசோபஸ்டர் போன்ற மென்பொருளால் வட்டை நேரடியாக வாசித்து மீட்க முயலலாம். எதுவாயினும், வெறும் வட்டு என்று கணினி சொல்வதை நம்பி ஒன்றையும் வீசிவிட வேண்டாம். ஒளி படும் பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தால், எழுதிய பகுதி எழுதாத பகுதியிலிருந்து சற்று நிறம் மாறித் தெரியும். தட்டு இல்லாமல் முகப்பிலுள்ள பிளவு வழியாக வட்டை உள்ளிழுக்கும் வகை ட்ரைவில் சிறிய வட்டைப் போடவே கூடாது. சிக்கிக்கொண்டால் ட்ரைவைக் கழற்றித்தான் எடுக்க வேண்டிவரும்.

புதிதாக எழுதி வீட்டு டிவிடி பிளேயரில் பார்க்க விரும்புபவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. மீண்டும் மீண்டும் எழுதக்கூடிய ஆர்டபிள்யூ வட்டுகள், ஒருமுறை எழுதும் வட்டுகளைவிடக் குறைவாகவே ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. அந்த அளவு, அச்சடித்த இரட்டை அடுக்குப் படவட்டின் அளவுக்கு நெருக்கமானது என்பதால் பழைய பிளேயர்கள் குழம்பிப்போகின்றன. பிளேயருக்கு எழுதுவதாயின் ஒருமுறை எழுதும் வட்டே நல்லது. பிளஸ் வகை வட்டுகளில், வட்டின் வகையைக் குறிக்கும் அடையாளத்தை டிவிடி ரோம், அதாவது அச்சடித்த வட்டு, என்று மாற்றி எழுதிப் பழைய பிளேயர்களை ஏற்கச் செய்யும் வசதி பல ட்ரைவுகளில் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் இம்க்பேர்ன் மென்பொருளில் இதை அமைக்கலாம். மைனஸ் வகையில் அந்த அடையாளத்தை மாற்ற முடியாது. கனடாவுக்கு அனுப்புவதாயின் இன்னொன்றும் உண்டு: இலங்கையில் வீடியோ பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் எடுக்கப்படுகிறது, அங்கு என்ரிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை. வட்டு சரியாக இருந்தும் அங்குள்ள பிளேயரில் படம் வராமல் போவதற்கு இதுவும் காரணமாகலாம்.

வட்டும் ட்ரைவும் பொருந்தாத இன்னும் இரண்டு இடங்கள் உண்டு. எட்டு மடங்கு வேகம் என்று அச்சிட்ட பிளஸ் ஆர்டபிள்யூ வட்டில் பழைய நான்கு மடங்கு ரைட்டர் எழுதாது. உறைக்குள் வைத்த டிவிடி ராம் வட்டு இன்றைய ட்ரைவுகளின் தட்டில் பொருந்தாது.

இனி பூட்டும் இடம். பழைய கணினியில் உள்ள அகன்ற ஐடிஈ பட்டி வயரில் சாட்டா என்ற வேறு வகை இணைப்புள்ள இன்றைய ட்ரைவைச் செருக முடியாது. இடையில் மாற்றி ஒன்று வேண்டும், அல்லது வெளியே வைக்கும் யூஎஸ்பி ட்ரைவ் வாங்க வேண்டும். யூஎஸ்பி என்றால் கணினியில் உள்ள யூஎஸ்பி எந்தத் தலைமுறை என்று பாருங்கள். முதல் தலைமுறை யூஎஸ்பியின் உச்ச வேகம் விநாடிக்கு 12 மெகாபிட். ஒரு மடங்கு டிவிடி வேகமே 11 மெகாபிட்டுக்குச் சற்று மேல் என்பதால், நடைமுறையில் அதில் எழுதுவது கைகூடாது. இரண்டாம் தலைமுறை இணைப்பிலும் மின்சாரம் 500 மில்லிஅம்பியர்தான். மெல்லிய ட்ரைவ் எழுதத் தொடங்கும் தருணத்தில் அதைவிட அதிகம் இழுப்பதால், பாதியில் நின்று வட்டு பாழாவதைக் காண்கிறோம். கணினியின் இரண்டு யூஎஸ்பி துளைகளில் ஒரே நேரத்தில் செருகும் வயர் இருந்தால் அது பெரும்பாலும் தீரும்.

ஆகவே புதியதைப் பூட்டினாலும் பழையதை உடனே பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாமல், அலுமாரியில் உள்ள ஒவ்வொரு வட்டையும் புதிய ட்ரைவில் போட்டு, அதிலிருந்து வன்தட்டுக்கு எடுத்த வீடியோவை இறுதிவரை ஓட்டிப் பார்த்து, வாசிக்காதவற்றைப் பழைய ட்ரைவில் இன்னொரு முறை முயன்ற பின்னரே அதைக் கைவிடுங்கள்.